சொருகிப் பார்த்தால் ஒன்றும் ஆகாது

என் சகலைக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவருடைய அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. வெளியே புழங்குவது 'ட்ரையல்' என்ற பெயர்தான். அது அவர் தொழிலால் வந்தது என்று கடைத்தெருவில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். பவர் பார்க்க வருகிறவர்களின் மூக்கில் ஏற்றுகிற அந்தக் கனத்த வட்டச் சட்டத்துக்கு ட்ரையல் ஃபிரேம் என்று பெயர். அதில் மாற்றி மாற்றிச் சொருகுகிற வில்லைகளை அடுக்கி வைத்திருக்கும் பெட்டி ட்ரையல் பாக்ஸ். பெயர் பொருத்தம்தானே என்று தோன்றும்.

குடும்பத்துக்குள் இருக்கிற எங்களுக்குத்தான் உண்மை தெரியும். செருப்பு வாங்கப் போனால் புது ஜோடியை மாட்டிக்கொண்டு கடைக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். பகல் ஆள் போய் மாலை ஆள் வந்த பிறகும் நடப்பார். கடைசியில் "கொஞ்சம் யோசிச்சிட்டு வரேங்க" என்று பழைய செருப்போடு வெளியே வருவார். மனிதர் மகா நல்லவர். முடிவு என்ற ஒன்றை மட்டும் அவர் கையில் கொடுத்துவிடக் கூடாது.

தொழிலில் இது அவருக்குக் குறையே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கடைக்குப் பின்னால் பரிசோதனை அறை என்று ஒன்று இருக்கிறது. மூன்று பேர் நின்றால் நான்காவது ஆள் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். எழுத்துப் பலகையைத் தள்ளி வைக்க இடமில்லாததால், இடவலமாகத் திருப்பி எழுதிய பலகையை நாற்காலிக்குப் பின்னால் மாட்டி, எதிர்ச்சுவரில் பெரிய நிலைக்கண்ணாடி வைத்திருக்கிறார். அதில் பார்த்துத்தான் படிக்க வேண்டும். "இது தெளிவா இருக்கா? இல்ல… இது தெளிவா இருக்கா?" என்று அவர் கேட்க ஆரம்பித்தால் சலிக்கவே மாட்டார். மற்ற கடைகளில் ரெண்டு கேள்வியில் முடித்து எழுப்பிவிடுகிறார்கள். இவரிடம் வயதானவர்கள் அரை நாள் உட்கார்ந்து ஆசை தீரப் பதில் சொல்லிவிட்டுப் போவார்கள். வீட்டில் அவர்களை அவ்வளவு கேள்வி கேட்க யார் இருக்கிறார்கள்?

அவருக்குக் கல்யாணம் முடிவானதுகூட அந்த நாற்காலியில்தான். என் மனைவியின் தங்கை குடிநீர் அலுவலகத்தில் புகார்க் கவுண்டரில் இருக்கிறாள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கத்துகிறவர்களை நாள் முழுக்கச் சமாளித்து, எதையும் ரெண்டு வார்த்தையில் முடிக்கப் பழகியவள். பவர் பார்க்கப் போனவளை நம் ஆள் 'இன்னொரு தடவை பாத்துடலாம்', 'இன்னொரு தடவை பாத்துடலாம்' என்று திரும்பத் திரும்ப வரவழைத்தார். கடைசியில் அவள் அந்த வட்டச் சட்டத்தைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாளாம்.

"ரெண்டும் ஒண்ணுதாங்க. நீங்க என் கண்ணைப் பாக்கறீங்களா, என்னைப் பாக்கறீங்களா?"

"அது… யோசிச்சு சொல்லட்டுமா?"

"வேணாம். நானே சொல்லிடறேன்."

அவர் வாழ்க்கையில் உரிய நேரத்தில் நடந்த பெரிய காரியம் அது ஒன்றுதான். அதிலும் அவருக்குப் பங்கு கிடையாது.

இப்படிப்பட்டவரின் கடைக் கம்ப்யூட்டரில் ஒரு நாள் காலை திரை நிறைய ஓர் அறிவிப்பு வந்தது. இந்த விண்டோஸுக்குப் பாதுகாப்பு அப்டேட் வரும் காலம் முடியப்போகிறது, புது விண்டோஸுக்கு மாறிக்கொள்ளலாம், ஆனால் இந்தக் கம்ப்யூட்டர் அதற்குத் தகுதி பெறவில்லை. நான் பார்சல் ஆபீசில் மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது.

"சகலை, என் கம்ப்யூட்டருக்குத் தகுதி இல்லையாம்."

பெற்ற பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்காத குரல்.

"பழசாப் போச்சுல்ல. புதுசு வாங்கிடுங்க."

"வாங்கலாம். ஆனா எதை வாங்கறது?"

இந்தக் கேள்விக்குப் பிறகு அவரோடு பேசிப் பிரயோஜனம் இல்லை என்று எனக்குத் தெரியும். மூட்டைகளிடம் திரும்பிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விஷயம் குடும்ப சபைக்கு வந்தது. சபை கூடினால் தீர்ப்புச் சொல்ல எங்கள் மச்சினன் வருவான். எங்கள் ரெண்டு பேர் மனைவிமாருக்கும் ஒரே தம்பி. அவனை நாங்கள் கூப்பிடுவதே 'ஐடி' என்றுதான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அங்கே அவன் பார்ப்பது வேலைக்கு ஆள் எடுக்கிற பிரிவு. அதை நாங்களும் குடைந்து கேட்டதில்லை, அவனும் வாயைத் திறந்து சொன்னதில்லை. டிவி ரிமோட் மக்கர் செய்தால்கூட அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவன் வந்து பேட்டரியைக் கழற்றித் திருப்பிப் போட்டுவிட்டு, "சாஃப்ட்வேர் பிராப்ளம்" என்பான். அக்காமார் இருவரும் பூரித்துப்போவார்கள்.

"சின்ன மாமா, பேசாம லினக்ஸ் போட்டுடுங்க," என்றான் ஐடி. "விண்டோஸுக்குப் பதிலா அதே வேலையைச் செய்யும், காசே கிடையாது. பழைய மெஷின்ல பறக்கும்."

"போட்டா விண்டோஸ் என்ன ஆகும்?"

"போயிடும்."

"போயிடும்னா?"

"போறதுதான் மாமா. அழிஞ்சுடும்."

ட்ரையலின் முகம் வெளுத்துவிட்டது. "விண்டோஸ் போகாம, லினக்ஸை மட்டும் கொஞ்சம் போட்டுப் பாக்க முடியாதா?"

"ஓ, அதுக்கு வழி ஏகப்பட்டது இருக்கே. சும்மா ட்ரை பண்ணிப் பாக்கலாம்."

அந்தச் சொல்லை அவர் காதில் போட்டிருக்கவே கூடாது. அடுத்த ஒரு வருஷம் மனிதர் நிம்மதியாக இருந்தார். அவரைச் சுற்றியிருந்தவர்கள் அப்படி இருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன்.

முதலில் இன்டர்நெட்டிலேயே ஓட்டிப் பார்க்கிற வழி. ஏதோ ஒரு வெப்சைட்டைத் திறந்தால், எங்கேயோ இருக்கும் கம்ப்யூட்டரில் ஓடுகிற லினக்ஸ் நம் திரையில் தெரியும். மௌஸை நகர்த்தினால் கொஞ்சம் யோசித்துவிட்டு அதுவும் நகரும். அந்த யோசனை அவருக்குப் பிடித்துப்போனது. ஆனால் இது துணிக்கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று சட்டை பார்க்கிற மாதிரி இருக்கிறது, போட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்றார்.

அடுத்தது விர்ச்சுவல் மெஷின். விண்டோஸுக்குள்ளேயே ஒரு பொய்க் கம்ப்யூட்டரை உண்டாக்கி அதற்குள் லினக்ஸை ஓட விடுவது. நல்ல வழிதான், கம்ப்யூட்டரில் தெம்பு இருந்தால். அவருடையதில் இருந்தது நாலு ஜிபி மெமரி. ஒற்றை அறை வீட்டில் குடித்தனம் நடத்துகிறவர் பாதி அறையை இன்னொரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டால் எப்படி இருக்கும்? விண்டோஸும் நகரவில்லை, லினக்ஸும் நகரவில்லை, பில் போட நின்ற அம்மாளும் நகரவில்லை. விசிறி மட்டும் மாவு மிஷின் மாதிரி சத்தம் போட்டது.

பிறகு விண்டோஸே தனக்குள் வைத்துக்கொள்கிற லினக்ஸ் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு அதையும் இறக்கினார். ரொம்ப லேசாக, வேகமாக ஓடியது. கறுப்பாக ஒரு பெட்டி திறந்து ஓரத்தில் ஒரு கோடு கண் சிமிட்டியது. படம் இல்லை, பட்டன் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் நல்ல மனிதராக 'வணக்கம்' என்று தட்டினார். அப்படி ஒரு கட்டளை கிடையாது என்று அது முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டது. புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு அது வரப்பிரசாதமாம். கண்ணாடிக் கடைக்காரருக்கு அது மரியாதை தெரியாத வேலைக்காரன்.

கடைசியாக வந்தது பென் டிரைவ். வந்ததும் மனிதர் அதில் சொக்கிப்போனார்.

லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொள்ள வேண்டியது. கம்ப்யூட்டரை ஆன் செய்த கையோடு எஃப் பன்னிரண்டு பட்டனைத் தட்டி, பென் டிரைவிலிருந்து கிளம்பு என்று சொல்ல வேண்டியது. முழு லினக்ஸும் கண்முன்னால் வந்து நிற்கும். உள்ளே இருக்கிற விண்டோஸை அது தொடாது. அணைத்துவிட்டுப் பிடுங்கிக்கொண்டால் வந்த தடமே இருக்காது. அதில் செய்துவைத்த மாற்றம் எதுவும் மறுநாள் இருக்காது என்பதை ஐடி ஒரு குறையாகச் சொன்னான்.

"குறையா?" என்றார் ட்ரையல். "அதுதானேப்பா இதுல விசேஷமே!"

ஒரு பொருளை வாங்காமலே தினமும் புதிதாக உபயோகித்துப் பார்க்கலாம் என்று அவருக்காகவே யாரோ உட்கார்ந்து கண்டுபிடித்திருந்தார்கள். லினக்ஸில் இருக்கிற வகைகளை, உபுண்டு ஒன்றில், மின்ட் ஒன்றில், ஃபெடோரா ஒன்றில் என்று ஆரம்பித்து, பேர் வாயில் நுழையாதவை வரைக்கும் ஏற்றினார். மூக்குக்கண்ணாடிக்குக் கட்டுகிற கயிற்றில் அத்தனை பென் டிரைவையும் கோத்துச் சுவரில் மாட்டினார். கண் பரிசோதனை மாதிரியே இதுவும் நடந்தது. இது தெளிவா, இல்லை இது தெளிவா? பதில் சொல்ல வேண்டிய ஆளும் அவரே என்பதால் வேலை முடியவே இல்லை.

அவர் மனைவி ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது சொன்னாள்: "மாமா, காலையில என்னை எழுப்பி, 'இந்த நீலம் நல்லாருக்கா, அந்தப் பச்சை நல்லாருக்கா'ன்னு கடை ஸ்கிரீனை போன்ல போட்டோ எடுத்துட்டு வந்து காட்டறாரு. பச்சைன்னேன். 'ஏன்?'ங்கறாரு. நான் ஆபீசுக்குச் சீக்கிரமே கிளம்பிட்டேன். அங்க கத்தறவங்க பரவால்ல."

அடுத்த கட்டம் டூயல் பூட். ஒரே டிஸ்க்கில் விண்டோஸ் ஒரு பக்கம், லினக்ஸ் ஒரு பக்கம் நிரந்தரமாகக் குடியேற்றுவது. இதைத் தன் கம்ப்யூட்டரில் செய்து பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. பெரிய மனது பண்ணி என் லேப்டாப்பைக் கேட்டார்.

"ஒண்ணும் ஆகாது சகலை. ஐடி கூடவே இருப்பான்."

ஐடி கூட இருப்பான் என்ற ஒரே காரணத்துக்காகவே நான் மறுத்திருக்க வேண்டும். ஐடி உட்கார்ந்தான். திரையில் 'விண்டோஸுக்குப் பக்கத்திலேயே போடு' என்று ஒரு வரி இருந்தது, 'டிஸ்க்கை அழித்துவிட்டுப் போடு' என்று ஒரு வரி இருந்தது. ட்ரையல், "கொஞ்சம் இரு, இன்னொரு தடவை படிச்சுக்கலாம்," என்றார். ஐடி, "மாமா, நாங்க தினம் பாக்கறது," என்றான். இன்டர்வியூவுக்கு வந்தவர்களை அந்த வேகத்தில்தான் அழிப்பான் போலிருக்கிறது. என் லேப்டாப் துடைத்துவிட்ட பலகை ஆனது. லினக்ஸ் மட்டும் அருமையாக ஓடியது. எங்கள் கல்யாண ஆல்பத்தை ஸ்கேன் செய்து அதில்தான் வைத்திருந்தேன். அது அழிந்ததில் என் கை இல்லை என்று என் மனைவி இன்றுவரை நம்பவில்லை.

"பாத்தீங்களா? நம்ம கடையில பண்ணியிருந்தா?" என்று ட்ரையல் தன் கம்ப்யூட்டருக்காக நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

இதற்கப்புறம் ஒரு காலை. என் மூக்குக்கண்ணாடியில் மூக்கில் படுகிற மெத்தை உடைந்துவிட்டதால், ஆபீசுக்குப் பாதி நாள் லீவு சொல்லிவிட்டுக் கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்பே ஒரு பஸ் டிரைவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முந்தின சாயங்காலம் பவர் பார்த்துவிட்டுப் போனவர். லைசென்ஸைப் புதுப்பிக்க டாக்டர் முன்னால் நிற்க வேண்டும், அதற்குள் கண்ணாடி வேண்டும். வில்லை செய்து தருகிற பட்டறைக்குப் பகல் பன்னிரண்டுக்குள் எல்லோருடைய பவரையும் அனுப்பினால்தான் மறுநாள் வரும்.

கம்ப்யூட்டர் திரையில் 'அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம்' என்று ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் தானாக அணையவில்லை, நாங்களும் அணைக்கவில்லை. கரண்ட் போய்விட்டது. பழைய யுபிஎஸ் செத்து நெடுநாள் ஆகியிருந்தது. எதை வாங்கலாம் என்று ரெண்டு கம்பெனி விளம்பரத் தாள்களை மேஜையில் வைத்து அவர் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். கரண்ட் திரும்பி வந்தபோது விண்டோஸ் வரவில்லை. நீலத் திரை வந்தது, சுழன்றது, அணைந்தது, மறுபடி சுழன்றது.

ட்ரையல் ஐடிக்குப் போன் போட்டார். ஐடி மீட்டிங்கில் இருந்தான். "ஃபார்மட் பண்ணிடுங்க மாமா," என்று கிசுகிசுத்துவிட்டு வைத்துவிட்டான். ஃபார்மட் என்றால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும்.

"என் பவரு அதுக்குள்ளதான் இருக்கா?" என்று டிரைவர் கேட்டார்.

"ஆமாங்க. வேணும்னா மறுபடியும் ஒரு தடவை பாத்துடலாம்…"

"ஐயையோ!" டிரைவர் எழுந்தே விட்டார். "நேத்து உக்காந்ததுக்கே எனக்கு ஒரு ட்ரிப் போச்சு. மறுபடியும் மொதல்லேர்ந்தா? வேற வழி பாருங்க சார்!"

வேறு வழி சுவரில் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. ட்ரையலுக்கும் அது உறைத்தது. போய்க் கயிற்றை எடுத்துவந்தார். முதல் பென் டிரைவைப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். "இதுல டிஸ்க்கு சீக்கிரம் தெறக்கும். ஆனா அதுல பிரிண்டர்…"

"ஏதாவது ஒண்ணச் சொருகுங்க சார்!" என்று டிரைவர் பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். நான் கையில் அகப்பட்டதைக் கயிற்றிலிருந்து உருவிச் சொருகிவிட்டேன். ட்ரையல் எஃப் பன்னிரண்டைத் தட்டினார். ஒரு வருஷம் தட்டிப் பழகிய விரல், அது மட்டும் தயங்கவே இல்லை.

லினக்ஸ் வந்தது. அதிலிருந்து பார்த்தால் விண்டோஸின் டிஸ்க் அப்படியே இருந்தது, கோப்புகள் ஒன்றுகூடக் கெடவில்லை. ஆனால் கடையின் பில் புரோகிராம் விண்டோஸில் மட்டுமே ஓடக்கூடியது. கோப்பு கண்ணுக்குத் தெரிகிறது, திறக்க முடியவில்லை. டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இருங்க," என்றார் ட்ரையல். "எக்செல்லயும் எழுதியிருக்கேன்."

"எதை?"

"எல்லாத்தையும். பில் புரோகிராம் வசதியா, எக்செல் வசதியான்னு பாக்கறதுக்காக ரெண்டுலயும் போட்டுட்டு வரேன்."

"எவ்வளவு நாளா?"

"ஆறு வருஷமா."

அந்த எக்செல் ஷீட் லினக்ஸில் இருக்கிற ஆபீஸ் புரோகிராமில் சமர்த்தாகத் திறந்தது. முந்தின நாள் வந்த அத்தனை பேரின் பவரும், கடைசி வரியில் டிரைவருடையதும் இருந்தன. பட்டறைக்கு மெயில் போனது. ஒரு மனிதன் ஆறு வருஷமாக முடிவெடுக்காமல் இருந்ததால் ஒரு கடை பிழைத்ததை நான் நேரில் பார்த்தேன். அவர் முகத்தில் வந்த பெருமிதத்தைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. டிரைவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சூப்பர் சார். இனிமே இதையே வெச்சுக்கோங்க."

"பாக்கலாங்க," என்றார் ட்ரையல்.

சாயங்காலம் ஆபீஸ் முடிந்து வந்த அவர் மனைவி எல்லாவற்றையும் என்னிடம் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஒரு மெக்கானிக்கை வரவழைத்து விண்டோஸைச் சரி செய்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குள் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

"எல்லாத்தையும் வேற டிஸ்க்குல காப்பி எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு. ரெண்டு டிஸ்க்குல."

"இப்ப பென் டிரைவைச் சொருகுங்க. எதுங்கறதை நீங்க சொல்ல வேண்டாம். அந்தப் பச்சை."

"இன்னிக்கேவா? ஒரு தடவை ஐடியைக் கேட்டுட்டு…"

"அவனைக் கேட்டா உங்க கம்ப்யூட்டரும் பெரிய மாமா லேப்டாப் மாதிரி ஆயிடும்."

அவள் ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்தாள். 'பக்கத்திலேயே போடு' என்பதை அழுத்தினாள். டிஸ்க்கில் விண்டோஸுக்கு எவ்வளவு, லினக்ஸுக்கு எவ்வளவு என்று நடுவில் ஒரு கோட்டை நகர்த்தச் சொன்னது. ட்ரையல் முன்னால் வந்து, கோட்டை இப்படித் தள்ளலாமா அப்படித் தள்ளலாமா என்று வாயைத் திறப்பதற்குள் நடுவில் விட்டு அழுத்திவிட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது ரெண்டும் பத்திரமாக இருந்தன. அன்றைக்கு அவர் எங்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். டீயா காபியா என்று எங்களைக் கேட்காமல், தானே சொல்லி வாங்கினார். எல்லோரும் கவனித்தோம்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

மறு வாரத்திலிருந்து கடை திறக்கத் தாமதமாக ஆரம்பித்தது. காலையில் வருகிறவர்கள் படியில் காத்திருந்தார்கள். விஷயம் இதுதான்: டூயல் பூட் போட்ட கம்ப்யூட்டரை ஆன் செய்தால், லினக்ஸா விண்டோஸா என்று ஒரு பட்டியல் வரும். பத்து நொடி பார்க்கும். யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் அதுவே லினக்ஸுக்குள் போய்விடும். அப்படி விட்டுவிட்டால்கூட எல்லோரும் பிழைத்திருப்போம். ஆனால் அவர் யோசிப்பதற்காகக் கீழ் அம்பைத் தட்டுவார். அம்பைத் தட்டிவிட்டால் எண்ணிக்கை நின்றுவிடும். அப்புறம் அது எத்தனை நேரமானாலும் காத்திருக்கும். வாழ்க்கையில் முதன்முறையாக அவரை அவசரப்படுத்தாத ஒன்று கிடைத்திருந்தது. இன்றைக்கு பில் அதிகம் போட வேண்டியிருக்குமா, அப்படியானால் விண்டோஸ், இல்லை மெயில்தான் அதிகமா, அப்படியானால் லினக்ஸ் என்று, கடையின் ஷட்டரைப் பாதி தூக்கிய நிலையில், மேலும் கீழும் தட்டியபடி நின்றுகொண்டிருப்பார்.

அவர் மனைவி இதை ஒரு வாரம் பார்த்தாள். அப்புறம் ஒரு மதியச் சாப்பாட்டு வேளையில், கடையில் அவர் யாருக்கோ பவர் பார்த்துக்கொண்டிருந்தபோது உள்ளே வந்தாள். போனில் எதையோ பார்த்துப் பார்த்து, லினக்ஸிலும் இருக்கிற அந்தக் கறுப்புப் பெட்டியைத் திறந்து நாலு வரி கட்டளை தட்டினாள். பாஸ்வேர்ட் போட்டாள். பின்னறையிலிருந்து, "இது தெளிவா இருக்கா? இல்ல… இது தெளிவா இருக்கா?" என்று குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

இப்போது அந்தப் பட்டியலே வருவதில்லை. ஆன் செய்தால் நேராக லினக்ஸ்தான். பில் புரோகிராம் வேண்டுமென்றால் மட்டும், அவர் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்து விண்டோஸைக் கூப்பிட வேண்டும். பட்டியல் எங்கே போயிற்று என்று அவர் ஐடியிடம் கேட்டார். ஐடி கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, "சாஃப்ட்வேர் பிராப்ளம் மாமா," என்றான். கடை காலை ஒன்பதரைக்கெல்லாம் திறந்துவிடுகிறது.